சங்கிலியின் சாமிக்கு வைத்த பல்

சங்கிலி நல்ல மனிதர் என்று எழுதினால் எங்கள் எஸ்டேட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அவரோடு சண்டை போடாதவர், தொழிலாளர் வரிசை வீடுகளான மூன்று லயத்திலும் கிடையாது. குழாயடியில் சண்டை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் சண்டை, குன்னூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடிக்குச் சண்டை. என்னோடும் உண்டு. எங்கள் மூன்று லயத்திலும் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். ஊட்டியில் மூன்று வருடம் படித்துப் பட்டத்தைக் கையில் வாங்கி வந்த அன்று, வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"என்னா, இனிமே மழைய நிறுத்திருவியா?"

அன்று முதல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. அப்படிப்பட்ட ஆளைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன ஐப்பசியில் அவருக்கு நடந்த அநியாயம். அதை ஊரில் வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஏதாவது எழுதினால் சினிமாக்காரர்கள்தான் எழுதுவார்கள். அவர்கள் எழுதும் லட்சணத்தை நாங்கள் பார்த்துவிட்டோம்.

சங்கிலிக்கு ஐம்பத்தேழு வயது. சிலோனில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஏழு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி, மண்டபம் கேம்பில் கிடந்து, கடைசியில் குன்னூருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தவர். பதினெட்டு வயதில் கவாத்து வெட்டும் கூட்டத்தில் சேர்ந்தார். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவாத்து. வெட்டு ஒரே வீச்சில் விழ வேண்டும். குச்சி பிளந்தால் செடி செத்துப்போகும். இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் பிளவில்லாத வெட்டு வேண்டும் என்றால் பீல்டு ஆபீசரே இவரைத்தான் தேடுவார். இன்னும் ஒரு வருடத்தில் ரிட்டையர்மென்ட். அதற்குப் பிறகு லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

வேலையை விட்டால் அவருக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. காட்டேரிக்குப் படையல் போடுவது.

இந்தப் பெயரைக் கேட்டதும் நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அகராதியை எடுத்துப் பாருங்கள். வாம்பயர் என்ற சொல்லுக்கு நேரே இரத்தக்காட்டேரி என்று போட்டிருக்கும். கறுப்பு அங்கியும் வெளுத்த முகமும் நீளப் பல்லுமாகச் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கும் வெள்ளைக்காரப் பேய்க்கு எங்கள் சாமியின் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். டப்பிங் சீரியல்களில் அதே பெயர். செல்போனில் அதே பெயர். காலேஜில் பேராசிரியர் ஒருவர் வாம்பயருக்குத் தமிழில் காட்டேரி என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் காட்டேரி, ஆறாம் நம்பர் பீல்டுக்குக் கீழே ஓடையோரம் இருக்கும் ஒரு கல். முழங்கால் உயரம் இருக்கும். சங்கிலியின் அப்பா, பதுளைத் தோட்டத்து ஓடை மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, அந்தக் கல்லுக்கு அடியில் போட்டு அவளை இங்கே இருத்தினாராம். அவளுக்கு ரத்தமே ஆகாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். கருப்புக் கோழியின் ரத்தம் அவளுக்கு உண்டு. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, கோழியும் கருவாடும் முருங்கைக்கீரையும் முட்டையும் படைத்து, இலையையும் வயிற்றையும் காட்டி 'இது உனக்கு, அது எங்களுக்கு' என்று சொல்வார்கள். அவளும் அதற்கு மேல் கேட்கமாட்டாள். இது ஒரு பேச்சு, ஒரு ஒப்பந்தம். வாம்பயருக்குப் பசி மட்டும்தான் உண்டு, பேச்சு கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாதவன்தான் அகராதி எழுதியிருக்கிறான்.

அவளுக்கு ஒன்று மட்டும் கூடாது. முகம் வைக்கக்கூடாது. மஞ்சள் பூசலாம், பொட்டுகூட வைக்கக்கூடாது. முகம் வைத்தால் அவள் பார்ப்பாள், பார்த்தால் கேட்பாள் என்பது எங்கள் பெண்களின் பயம்.

போன ஐப்பசியில் படையலுக்குக் காத்திருந்தவள் வேறு யாருமில்லை, சங்கிலியின் ஒரே மகள் ரேகா. குன்னூர் பஜாரில் வளையல் கடை வைத்திருக்கும் ஜானகியம்மாளின் மகனைக் கட்டியிருக்கிறாள். ஜானகியம்மாள் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். வாய் பெரியது. லயத்துப் பெண்ணைத் தம் வீட்டுக்கு எடுத்ததை இன்றுவரை ஒரு தருமம்போலச் சொல்லிக்கொள்வார். ரேகாவுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. இது இரண்டாவது. படையல் போடாமல் பிரசவத்துக்குப் போகமாட்டேன் என்று ரேகாவே சொல்லிவிட்டாள். ஜானகியம்மாளும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. அதோடு ஏழாம் மாதமும் முடிகிறது. அதை விட்டால் வேறு வெள்ளி கிடையாது.

இந்த நேரத்தில்தான் லெஸ்லி வந்தார்.

லெஸ்லி ஊட்டிக்காரர். சினிமாக்காரர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது அவர் தொழில். சென்னையிலிருந்து ஒரு வாம்பயர் வெப்சீரிஸ் குழுவை அழைத்துக்கொண்டு வந்தார். முதலில் அவர்கள் கதை வேறு எங்கோ நடப்பதாக இருந்ததாம். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் போர்டில் 'காட்டேரி' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் டைரக்டர் துள்ளிக் குதித்தாராம். கேத்திப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது, பார்க் இருக்கிறது, அங்கே மனிதர்கள் கேரட்டும் கோஸும் போட்டுப் பிழைக்கிறார்கள் என்று லெஸ்லி எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் போர்டுக்குக் கீழே நின்று எல்லோரும் பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு, எங்கள் எஸ்டேட்டின் பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்தார்கள். அப்படியே சுற்றிப் பார்த்தபோது ஓடையோரத்துக் கல்லும் கண்ணில் பட்டது. "இது என்ன சாமி?" என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, காட்டேரி என்று கள்ளமில்லாமல் சொல்லிவிட்டாள்.

தேடி வந்த பெயரும் கல்லும் ஒரே இடத்தில் கிடைத்தால் விடுவார்களா?

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் சங்கிலி அதைப் பார்த்தார். கல்லுக்கு முகம் வந்திருந்தது. சிவப்பாக இரண்டு கண். கண்ணுக்குக் கீழே பிளந்த வாய். வாயில் வரிசைப் பற்கள், ஓரத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு கோரைப்பல். பல்லில் ரத்தம்போல ஏதோ வழிந்து உறைந்திருந்தது.

அவர் கத்தியதை நான் லயத்திலிருந்தே கேட்டேன். யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஓடினோம்.

ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் ஒருவன் அங்கே குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தரணிதரன் என்று பெயர். முகத்தைச் செய்தவன் அவன்தான்.

"எவன்டா இத வச்சது?" என்றார் சங்கிலி.

"நான்தாண்ணே. நல்லா வந்திருக்குல்ல?"

"எடு."

"எடுக்கறதா? அண்ணே, ரெண்டு நாள் வேலை. மழையில கரையக்கூடாதுன்னு கிரானைட் ஒட்டுற பசையில வச்சிருக்கேன். சுத்தியல் போட்டாலும் வராது."

அவன் அதைப் பெருமையாகவே சொன்னான். சங்கிலி அவன் குடையைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார். பங்களாவிலிருந்து லெஸ்லி ஓடி வந்தார்.

"அண்ணே, அண்ணே, கோவப்படாதீங்க. நாலே நாலு ஷாட்தான். நம்ம சாமி ஊரு பூரா பேமஸ் ஆகும்."

"நம்ம சாமியா? ஒனக்கும் எனக்கும் என்னாடா நம்ம?"

"ஆபீஸ்ல எழுதி வாங்கியிருக்கோம்ணே. எஸ்டேட்டுக்குள்ள இருக்கற கல்லு, மரம், ஓட எல்லாத்துக்கும் பர்மிஷன் இருக்கு."

"எங்கப்பன் வச்ச கல்லுக்கு ஆபீசு என்னா பர்மிஷன் குடுக்கறது? ஆபீசுக்காரன் பொண்டாட்டி பிரசவத்துக்கா இவ நின்னா?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஆபீஸில் பதில் தயாராக இருந்தது. அசிஸ்டன்ட் மேனேஜர் சங்கிலியை நிற்க வைத்தே பேசினார். ஷூட்டிங் பொருளில் கை வைத்தால் சார்ஜ் ஷீட். ரிட்டையர்மென்ட் நேரத்தில் இது தேவையா என்று யோசித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். சங்கிலி வெளியே வந்து, ஆபீஸ் வாசல் குரோட்டன்ஸ் செடியை ஒரு உதை உதைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

நான்கு நாளில் முதல் ஷெட்யூல் முடிந்து குழு சென்னைக்குப் போனது. முகத்தை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த ஷெட்யூல் வரைக்கும் அது அப்படியே இருக்க வேண்டுமாம், கன்டினியூட்டியாம். அந்த வார்த்தையை லெஸ்லி சட்டப் பிரிவுபோலச் சொன்னார். வெளுக்காமல் இருக்க மேலே ஒரு நீலத் தார்ப்பாயை மூடிக் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்குள் டீசர் வந்துவிட்டது. லயத்தில் எல்லார் போனிலும் ஒரே நாளில் ஓடியது. சங்கிலி என்னைக் கூப்பிட்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது அப்போதுதான்.

"ஏய் டிகிரி. இங்க வா. இதுல இங்கிலீசுல என்னா எழுதியிருக்கான்னு படி."

படித்தேன். நீலகிரி மலைவாசிகள் இன்றும் ரகசியமாக வணங்கும் ரத்த தேவதை என்று எழுதியிருந்தது. உண்மைச் சம்பவங்களைத் தழுவியது என்று அடுத்த வரி. பிறகு பனிமூட்டம். பனிக்குள் எங்கள் கல். கல்லின் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணி கதறுகிறாள். கோரைப்பல்லிலிருந்து சொட்டுகிறது. 'அவளுக்குப் பசிக்கிறது' என்று ஒரு குரல்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் சங்கிலி போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

"இத சம்பந்தியம்மா பாத்திருக்குமா?"

பார்த்திருந்தார். மறுநாள் மத்தியானமே ஜானகியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். ரேகாவை அழைத்து வரவில்லை. சங்கிலியின் மனைவி வீரம்மா போட்ட ஸ்டூலில் உட்காரவும் இல்லை. வாசலில் நின்றபடியே தொடங்கினார்.

"ஏனுங்க சம்பந்தி, இந்தக் கருமத்துக்குத்தான் எங்க ஊட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னீங்களா?"

"அது சினிமாக்காரன் வச்ச மூஞ்சி. நம்ம சாமிக்கு மூஞ்சி கெடையாது."

"யாரு வெச்சா என்னங்க? இப்ப மூஞ்சி இருக்குதா இல்லீங்களா?"

"இருக்கு."

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு அவ அந்த மூஞ்சியப் பாக்கோணும், அது அவளைப் பாக்கோணும். அப்படித்தானுங்க?"

ஜானகியம்மாள் திட்டுகிறேன் என்று நினைத்துச் சொன்னது, சங்கிலி நம்பும் அதே சட்டத்தைத்தான். முகம் இருக்கும் கல்லின் முன்னால் எந்தக் கர்ப்பிணியையும் அவரும் நிறுத்தமாட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடித்துத் துப்பும் பார்வை பார்த்துக்கொண்டு, ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் போனை நீட்டிக் காட்டறாளுங்க. உங்க மருமக சாமியாமா, பல்லைப் பாருங்கங்கறாளுங்க. எனக்கு மானம் போகுதுங்க. மொத புள்ளையும் இதுதான் தின்னுருச்சான்னு ஒருத்தி கேக்கறா."

இதைக் கேட்டதும் உள்ளேயிருந்து வீரம்மா வெளியே வந்தார். "மொதப் புள்ளைக்கி படையல் போடற மாசமே வரலையே. அப்ப இவ எங்க தின்னா? அஞ்சாம் மாசம் கடையில ஏணி மேல ஏத்தி வளையல் பொட்டி எறக்க விட்டது யாரு?"

"அதைச் சொல்லிக்காட்டறீங்களா? நான் வேணும்னா ஏத்துனேன்?"

"சொல்லத்தானே வந்திருக்கீங்க. நாங்களும் சொல்றோம்."

ஜானகியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, தலையை மட்டும் நீட்டிச் சொன்னார். "அந்தப் பல்லு இருக்கற வரைக்கும் எம் மருமக இந்தப் பக்கம் கால் வெக்க மாட்டா. எடுத்தா வர்றோம். இல்லைன்னா நேரா ஆஸ்பத்திரிதான். நான் சொன்னாச் சொன்னதுங்க."

அன்று சாயங்காலம் ரேகா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் சங்கிலி. லயம் முழுக்கக் கேட்கும்.

"அப்பா, அத்தை சொன்னது சரிதாம்ப்பா. அந்த மூஞ்சிய நான் டீசர்ல பாத்ததுல இருந்து வயிறு இறுக்கிப் பிடிக்குது. அத எடுத்துருங்க, நான் வர்றேன்."

"எடுத்துருங்கன்னா? கொடியில காயற துணியா அது?"

"அப்ப நான் வரலப்பா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் திட்டியிருப்பார். போனை வைத்துவிட்டு, மூலையில் இருந்த மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனார்.

ஐந்து நாட்கள் அந்தப் பல்லோடு அவர் போராடினார். தார்ப்பாயை அவிழ்க்கும்போது சார்ஜ் ஷீட்டைப் பற்றி நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. கண்ணும் வாயும் வெறும் பெயிண்ட். தின்னர் வைத்துத் தேய்த்ததும் போய்விட்டது. பல் போகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார். வெந்நீர் ஊற்றினார். புளியைக் கரைத்துப் பூசி ஒரு நாள் ஊற விட்டார். ஓடைக் கல்லால் அடித்தார், ஓடைக் கல் உடைந்தது. சவுக்கு முளையை வைத்துத் தட்டினார், முளை பிளந்தது. கண்ணில்லாமல், வாயில்லாமல், வெறும் பல் மட்டும் அந்தக் கல்லில் சிரித்துக்கொண்டிருந்தது. முன்னைவிட அதுதான் கோரமாக இருந்தது.

தரணிதரனுக்கு என்னைப் போன் செய்யச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். "தம்பி, நீ வச்சத நீயே வந்து எடுத்துட்டுப் போ" என்றார். அவர் யாரையும் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "டைரக்டர் சொன்னா வர்றேண்ணே. இன்னும் பல்ல கிட்டத்துல காட்டற இன்சர்ட் ஷாட் பாக்கி இருக்கு. பல்லப் பேத்து எடுக்க ஒரு மெஷினும் கத்தியும் வேணும். சும்மா வராது."

கத்தி என்று அவன் சொன்னதுதான் கேட்டது. சங்கிலி போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கல்லில் இரும்பு படக்கூடாது. கோழியைக்கூட ஓடைக்கு அப்பால் அறுத்துத்தான் கொண்டுவருவார்கள். இரும்பு வைத்தவன் ஏழு வருடத்துக்கு ஓடையைத் தாண்டக்கூடாது. அவன் கையால் படைத்தால் அவள் ஏற்கமாட்டாள். படையல் சோறும் அவன் வாயில் படக்கூடாது. இது எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எழுதி வைத்த சட்டத்தை மீறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இதை மீறியவரைப் பார்த்ததில்லை. வேறு ஆளை வைத்து எடுக்கலாமே என்று நான் கேட்டேன். "எவன் தலையில இத வைக்கச் சொல்ற? ஒன் தலையிலயா?" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி மேல் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். வீரம்மா பாதையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"இரும்ப வச்சிராதீங்க. நான் சொல்றதக் கேளுங்க."

"வேற எதால எடுக்கறது? ஒன் நாக்காலயா?"

"ஒங்க அப்பா கும்பிட்ட கல்லு."

"எம் மக கும்பிடணும். தள்ளு."

ஓடையைத் தாண்டினார். கத்தியின் முனையைப் பல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பதித்து, கைப்பிடியில் மரக்கட்டையால் தட்டினார். ஒவ்வொன்றாக. கோபத்தில் அடிக்கிறவனின் அடி இல்லை அது. செடியில் எப்படிப் பிளவு விடமாட்டாரோ அப்படியே கல்லில் ஒரு செதில் போகாமல், பசையை மட்டும் பிடித்து நெம்பினார். முதலில் சின்னப் பற்கள் உதிர்ந்தன. கோரைப்பல் இரண்டுக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. முடிந்ததும் எல்லாப் பல்லையும் தார்ப்பாயில் கட்டினார். கல்லுக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து ஓடையைத் தாண்டி வந்து, கைகாலைக் கழுவினார்.

"இனிமே நீதான்" என்றார் வீரம்மாவிடம்.

"எனக்கு என்னா தெரியும்?"

"முப்பது வருசமா பின்னால நின்னு, அது சரியில்ல இது சரியில்லன்னு சொன்னியே. அதையே செய்."

ஏழு வருடம் என்பது அவருக்கு வெறும் எண் இல்லை. ஒரு வருடத்தில் அவர் இந்த எஸ்டேட்டிலேயே இருக்கமாட்டார். இனி அந்தக் கல்லின் அருகே அவர் போகப்போவதில்லை. இதை வீரம்மாவும் புரிந்துகொண்டார். அதனால்தான் அதற்கு மேல் சண்டை போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. ரேகாவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு, ஜானகியம்மாள் நேராக ஓடைக்கு இறங்கினார். எட்ட நின்று கல்லை மேலும் கீழும் பார்த்தார். துணிக்கடையில் சேலையில் கறை தேடுகிற பார்வை.

"இந்த வெள்ளையா இருக்கறது என்னங்க?"

"பல்லு இருந்த எடம்" என்றார் வீரம்மா.

"மறுபடி மொளைக்காதுங்களே?"

"ஒங்க வாய்க்கு மொளச்சாலும் மொளைக்கும்."

ஜானகியம்மாள் முறைத்தார். ஆனால் பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய கருப்பு வளையல் இரண்டு டஜனை எடுத்தார். "எங் கடையில இருந்து நானே பாத்து எடுத்தாந்தது. நல்ல கண்ணாடி. பஸ் ஸ்டாண்டுல விக்கற பிளாஸ்டிக்கு இல்ல" என்று சொல்லி, ரேகாவின் கையில் ஒவ்வொன்றாக ஏற்றினார். ரேகா சுற்றிலும் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

வீரம்மா மேலே ரோட்டைக் காட்டினார். வளைவில் மைல்கல் ஓரமாகச் சங்கிலி நின்றுகொண்டிருந்தார். வேலை நாள், லீவு சொல்லவில்லை. ரேகாவுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. தார்ப்பாய் மூட்டையையும் கல்லின் தழும்பையும் பார்த்ததும் எஸ்டேட்டில் பிறந்த பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இலையில் சோறு விழும் நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

லெஸ்லியும் தரணிதரனும் கேமராக்காரர் ஒருவரும். பாக்கி இருந்த இன்சர்ட் ஷாட்டை எடுக்க ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். பனி நன்றாக இறங்கியிருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். சங்கிலி ரோட்டு நடுவில் வந்து நின்றார். ஜீப் அவர் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது. நான் அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்றேன்.

"அண்ணே, வழி விடுங்க. பனி போயிரும்."

"போகட்டும்."

லெஸ்லி எட்டிக் கீழே பார்த்தார். பெண்கள், இலை, புகை. பிறகு கல் கண்ணில் பட்டது.

"அண்ணே! பல்லு எங்க?"

சங்கிலி ஜீப்பின் ஜன்னலுக்குள் குனிந்து, வெற்றிலைக் கறை படிந்த தம் பல்லைக் காட்டினார். "இந்தா. இதுல எது வேணுமோ புடுங்கிக்க."

"விளையாடாதீங்க. இது எங்க புராப்பர்ட்டி. ஆபீஸ்ல சொன்னா உங்க வேலை போயிரும். தெரியுமில்ல?"

"போய்ச் சொல்லு. ஆபீசு அந்தப் பக்கம் இருக்கு. ஜீப்ப திருப்பு."

"கீழ ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்துட்டுப் போயிர்றோம்ணே" என்றான் தரணிதரன், எட்டிப் பார்த்தபடி. "நெஜ பூசையே நடக்குது சார். கர்ப்பிணியும் இருக்காங்க. சூப்பரா இருக்கும்." கேமராக்காரர் அதற்குள் லென்ஸை மாட்டத் தொடங்கியிருந்தார்.

கீழேயிருந்து ஜானகியம்மாளின் குரல் வந்தது. கடை வாசலில் நின்று பஜார் முழுக்கக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல்.

"ஏனுங்க! அங்க யாருங்க கேமராவைத் தூக்கறது? எம் மருமகளைப் படம் புடிச்சீங்கன்னா, இங்க இருக்கற சாமி ஒண்ணும் பண்ண வேண்டாம், நானே மேல வந்து கடிச்சு வெச்சுருவேன், ஆமா!"

கேமராக்காரர் லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

வீரம்மா கூப்பிடத் தொடங்கினார். பதுளை ஓடையிலிருந்து இந்த ஓடைக்கு வந்தவளே என்று தொடங்கும் வாக்கு அது. அவர் குரல் நடுங்கியது. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

"மூணு தடவை!" என்று சங்கிலி ரோட்டிலிருந்து கத்தினார், ஜீப்பிலிருந்து பார்வையை எடுக்காமலே. "ரெண்டோட நிறுத்தாத!"

"தெரியும், சும்மா இருங்க!" என்று வீரம்மா திருப்பிக் கத்திவிட்டு மூன்றாவது தடவை கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

இது உனக்கு, அது எங்களுக்கு.

பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். படையல் சோற்றில் ஒரு பருக்கைகூட வீட்டுக்குப் போகக்கூடாது. ஜானகியம்மாள் முதலில் கருவாட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு யாரும் பார்க்காதபோது எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ரேகா இரண்டாம் முறை சோறு கேட்டாள். சங்கிலிக்கு ஒரு வாய் கொடுத்தனுப்பினால் என்ன என்று ஜானகியம்மாள் கேட்டதும், கூடாது என்று வீரம்மா சொன்னதும் ரோடு வரை கேட்டது. சங்கிலி திரும்பிப் பார்க்கவில்லை.

லெஸ்லி போனை எடுத்து ஆபீஸுக்குப் பேசினார். பேசி முடித்து, ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு ஹாரனையும் நிறுத்திவிட்டார். கீழே ரேகா தன் இலையைத் தானே மடித்து எழுந்திருக்கும் வரை ஜீப் அங்கேயே நின்றது. சங்கிலியும்.